தூண்டில் கற்பிக்கும் அளவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசும் அறிஞர்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிக் காலங்கழிக்கும் ஒருவன் மீன்பிடிக் கருவிகளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் காலனியில் சைவ உணவு கொள்ளும் குடும்பங்களும் பல உண்டு. அவர்கள் முகம் சுளிக்க வேண்டா. யான் பேசப்போவது உணவைப் பற்றியதன்று, ஓய்வைப் பற்றியது. ஓய்வு நாளை நாம் எப்படிக் கழிக்கிறோம், கழிக்கும்போது நம்மைச் சுற்றி வாழ்வோரை நினைக்கிறோமா என்பதே என் பொருள்.

நாம் வாழும் ஊரின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். மட்டாஞ்சேரியிலிருந்து எத்திசை நோக்கினும் நீர். ஒருபுறம் அரபிக் கடல். மறுபுறம் வேம்பநாட்டுக் காயல். அக்காயல் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. இந்திய நாட்டு ஏரிகளுள் மிக நீளமானது. 2002-ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய நீர்ப்பரப்பின் நடுவே குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கைபேசியுடன் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்டால், “கொச்சியில் எங்கே போவது? பாதி ஆண்டு மழை, பாதி ஆண்டு புழுக்கம்” என்கிறோம்.

மழையையும் புழுக்கத்தையும் காரணம் காட்டும் நமக்கு, உறைபனியில் வாழ்வோரின் பழக்கம் ஒன்றை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். வட அமெரிக்காவிலே மினசோட்டா என்றொரு மாநிலம் உண்டு. ஆயிரக்கணக்கான ஏரிகள் நிறைந்த நாடு அது. குளிர்காலத்தில் அவ்வேரிகள் கல்லாய் உறைந்துவிடும். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்தும் அத்தகையதே. அந்நாட்டு மக்கள் குளிருக்கு அஞ்சி அடுப்பங்கரையில் முடங்கிவிடுவதில்லை. கம்பளி உடுத்து, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, உறைந்த ஏரியின் மேலேயே நடந்து சென்று, பனிக்கட்டியில் துளையிட்டு, அத்துளை வழியே தூண்டில் இறக்கி அமர்கிறார்கள்.

ஏரி உறைந்தபின் மீன் எப்படி உயிரோடிருக்கும் என்று மாணவர்கள் கேட்கலாம். நீர் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் அடர்த்தி மிகுந்து அடியில் தங்குகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே வருகிறது. ஆகவே ஏரி மேலிருந்து உறைகிறதே அன்றி அடியிலிருந்து உறைவதில்லை. மேலே பனிக்கட்டி கூரைபோல் மூடிக்கொள்ள, கீழே நீரும் மீனும் வாழ்கின்றன.

அவர்களுடைய கருவிகள் எளியவை. தச்சர் மரத்தில் துளையிடும் திருகாணி போன்ற பெரிய துளைப்பான் ஒன்று. அது பனிக்கட்டியில் ஏறக்குறைய எட்டங்குல அகலமுள்ள துளையை உண்டாக்கும். துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ளி எறிய, நம் வீட்டில் பூந்தி தேய்க்கும் ஜல்லிக்கரண்டியைப் போன்ற ஓட்டைக் கரண்டி ஒன்று. இரண்டடி நீளமே உள்ள குட்டைக் கோல் ஒன்று. துளைக்கருகில் அமர்ந்து பிடிப்பதற்கு நெடுங்கோல் எதற்கு? வேறொரு கருவி துளையின்மேல் குறுக்காக வைக்கப்படுவது. மீன் இழுத்தவுடன் அதிலிருந்து சிறு கொடியொன்று துள்ளி நிமிரும். தொலைவில் குடிலில் அமர்ந்து காப்பி அருந்துபவர் கொடியைக் கண்டு ஓடிவருவார். நம்மூர்த் தூண்டிலின் தக்கை செய்யும் வேலையை அங்கே கொடி செய்கிறது. தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பது நம் பழமொழி. அவனுக்குக் கொடியிலே கண்.

கருவிகளைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவர்கள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. பனிக்கட்டி நான்கு அங்குலமேனும் கனக்காமல் அதன்மேல் நடத்தல் ஆகாது என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏரிக்குச் செல்பவர் கழுத்தில் கூரிய முனையுடைய கைப்பிடிகள் இரண்டைக் கயிற்றில் கோத்து அணிந்துகொள்கிறார். கட்டி உடைந்து நீரில் விழுந்தால் அவற்றை விளிம்பில் குத்தி ஏறிவரலாம். மினசோட்டாவில் உறைந்த ஏரியில் ஒருவர் இரண்டு தூண்டில்களுக்கு மேல் இடக் கூடாது. பிடிக்கும் மீனுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஏரிமேல் அமைத்த குடில்களைக் குளிர்காலம் முடியுமுன் குறித்த நாளுக்குள் அகற்றிவிடவேண்டும் என்பதும் சட்டம். பின்லாந்திலோ, சாதாரணக் கோலும் கயிறும் கொண்டு தூண்டில் இடுவதும், பனித்துளையில் மீன்பிடிப்பதும் எல்லோருக்கும் பொதுவான உரிமை; அதற்கு உரிமச் சீட்டு வேண்டுவதில்லை. கருவி எளிதாய், பிடிப்பது சிறிதாய் இருக்கும் வரையில் நீர் எல்லோருக்கும் பொது என்பது அவர்கள் கொள்கை. பெரிய வலை கொண்டு வருபவனுக்கு வேறு சட்டம்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். நம் ஓய்வு நாளுக்கு ஏற்ற இடமாக யான் வல்லார்பாடத்தைச் சொல்லுவேன். 2004-இல் கோசிரீ பாலங்கள் திறக்கப்படும் வரையில் எறணாகுளத்திலிருந்து அத்தீவுக்குப் படகேறித்தான் போகவேண்டும். இன்று பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றுவிடலாம். எல்லா மதத்தினரும் வேண்டிக்கொண்டு செல்லும் மாதாகோயில் அங்கே உளது. 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சரக்குப்பெட்டகத் துறைமுகமும் அங்கேதான். இடப்பள்ளியிலிருந்து அத்துறைமுகத்துக்குச் செல்லும் இரயில் பாதை காயலின்மேல் 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் செல்கிறது. 2018-இல் அசாமில் போகிபீல் பாலம் திறக்கப்படும் வரையில் இந்தியாவின் மிக நீளமான இரயில் பாலம் அதுவே. சரக்கு வண்டிக்கென்றே அமைந்த பாதையாதலால், இரயில்வேயில் ஊழியம் செய்யும் நம்மவர்க்கும் அதில் பயணம் செய்யும் வாய்ப்பு இல்லை. கரையில் நின்று பார்த்து மகிழலாம்.

பாலத்தைக் கண்டு பெருமைகொள்ளும் நாம் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். அத்துறைமுகத்துக்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைப்பதற்காக வீடும் நிலமும் இழந்த குடும்பங்கள் 316. 2008 பிப்ரவரியில் மூலம்பிள்ளித் தீவில் வீடுகள் இடிக்கப்பட்ட செய்தி அப்போது இந்நாட்டையே உலுக்கிற்று. காயலோரத்துக் குடும்பத்துக்கு வீட்டுவாயிலில் இறங்கினால் படகு, படகில் ஏறினால் பிழைப்பு. கரையை விட்டு உள்ளே போனால் கருவி இருந்தும் தொழில் இல்லை. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு அக்கரையில் அடி வைப்போமாக.

அங்கே நாம் காணும் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம். முதலாவது சீன வலை. கோட்டைக் கொச்சியில் சுற்றுலா வந்தோர் படமெடுத்துச் செல்லும் அதே வலை வைப்பின் கரையிலும் வல்லார்பாடக் கரையிலும் உண்டு. சீனர் கொண்டுவந்தனர் என்பது ஊர் வழக்கு. மக்காவு நகரிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தனர் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். நெடிய மரங்களால் ஆன கையொன்று நீரின்மேல் சாய, அதன் நுனியில் 20 மீட்டர் அளவுக்கு விரிந்த வலை தொங்கும். பின்புறத்தில் வெவ்வேறு நீளமுள்ள கயிறுகளில் பாறைக் கற்கள் கட்டப்பட்டிருக்கும். வலை மேலே எழும்போது கற்கள் ஒவ்வொன்றாகத் தளத்தில் இறங்கி அமரும். எந்த நிலையிலும் பாரம் சமனாகவே இருக்கும். ஒருவர் நடுமரத்தின்மீது நடந்து சென்றாலே வலை நீருக்குள் தாழ்ந்துவிடும். சில நிமிடங்களில் நால்வர் ஐவர் சேர்ந்து கயிற்றை இழுத்து அதனை உயர்த்துவர். தராசின் தத்துவத்தைப் பாடப் புத்தகத்தில் படித்துக் குழம்பும் பிள்ளையை இவ்வலையருகே அரைமணி நேரம் நிறுத்துங்கள். பிறகு அவனுக்கு ஆசிரியர் வேண்டா.

இரண்டாவது ஊன்றி வலை. நீரில் வரிசையாக மரங்களை ஊன்றி, இரு மரங்களுக்கு நடுவே நீண்ட பைபோன்ற வலையைக் கட்டுவார்கள். கடல் இறங்கும் வேளையில் காயல் நீர் முகத்துவாரம் நோக்கி ஓடும். அந்த ஓட்டமே இறாலை வலைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீரோட்டம் வலுக்கும் நாள்களை இங்குள்ளோர் ‘தக்கம்’ என்பர். அந்நாள்களின் வரும்படியை நம்பித்தான் மற்ற நாள்களின் கடன். காலமறிந்து காத்திருப்பதற்கு வள்ளுவர் கொக்கைச் சான்று காட்டினார். ஊன்றி வலைக்காரரும் அந்தக் கொக்கைப் போன்றவரே. நள்ளிரவானாலும் இறக்கம் தொடங்கும் நேரத்தில் அவர் படகில் இருப்பார்.

மூன்றாவது, கருவியே இல்லாத மீன்பிடிப்பு. கழுத்தளவு நீரில் இறங்கி, அடியிலுள்ள சேற்றைக் கையால் துழாவி, இறாலும் மீனும் பிடிக்கும் பெண்களைக் காயலின் பல இடங்களிற் காணலாம். பிடித்ததைப் போட்டுவைக்க அலுமினியக் குடம் ஒன்று அருகே மிதந்துகொண்டிருக்கும். கரிமீன் பிடிப்பதற்கு ‘வெள்ளவலி’ என்றொரு முறை உண்டு. வெளிர்நிறக் குருத்தோலைகளை நீண்ட கயிற்றில் தொங்கவிட்டு நீருக்குள் இழுத்துச் செல்வார்கள். ஓலையின் வெண்மை கண்டு மிரண்ட கரிமீன் சேற்றுக்குள் பாய்ந்து பதுங்கும். பின்னே வருபவர் மூழ்கிக் கையாற் பிடிப்பர். ஓலையும் கயிறும் மூச்சுமே அங்கே கருவி.

இவர்கள் நடுவில் நாம் தூண்டிலோடு போய் நிற்கிறோம். நம் கருவி யாது? மூங்கிற் கழி ஒன்று, தங்கூசி இழை, மயிலிறகுத் தண்டாலோ நெட்டியாலோ ஆன மிதப்பு, சிறு ஈயத்துண்டு, முள் ஒன்று. இரைக்கு மண்புழுவோ, பிசைந்த கோதுமை மாவோ போதும். கடையில் விலையுயர்ந்த கோல்களும் சுழல்சக்கரங்களும் உண்டு. அவற்றை வாங்குவது அவரவர் வசதி. ஆனால் காலனிப் பிள்ளை கற்றுக்கொள்ள மூங்கிற் கழியினும் சிறந்த ஆசிரியன் இல்லை. இழையின் நீளம், மிதப்பின் உயரம், ஈயத்தின் கனம் மூன்றும் பொருந்தும்வரை மிதப்பு நேராக நிற்காது. அதைத் தன் கையாலே சரிசெய்து நிறுத்தும் பிள்ளைக்குப் பொறுமையும் கணக்கும் ஒருங்கே வருகின்றன.

நாம் பிடிப்பது கொஞ்சமே, அதற்கும் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பீர்கள். கரிமீனை எடுத்துக்கொள்வோம். 2010-இல் கேரள மாநில மீனாக அறிவிக்கப்பட்ட பெருமை அதற்குண்டு. மீன்களிற் பெரும்பாலானவை முட்டையிட்டுவிட்டு அகன்றுவிடும். கரிமீன் அப்படிப்பட்டதன்று. நீருக்கடியில் உள்ள கல்லிலோ மரக்குச்சியிலோ முட்டைகளை ஒட்டவைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காவல் நிற்கும். துடுப்பால் விசிறி நல்ல நீர் பாயச் செய்யும். குஞ்சு பொரித்தபின்னும் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காக்கும். அக்காவலில் நிற்கும் ஒன்றை நாம் விளையாட்டாகத் தூக்கிவிட்டால், இழப்பு ஒரு மீனோடு நிற்பதில்லை. காவலிழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் விழுங்கிவிடும். அடுத்த ஆண்டு வெள்ளவலிக் கயிறு இழுப்பவரின் குடத்தில் அக்குறை தெரியும். நமக்கோ அது ஒரு மாலைப்பொழுதின் வேடிக்கை. அவருக்கு அது அரிசிக்காசு.

ஆதலின், நம் காலனியார் தூண்டிலெடுத்துப் போவதாயின் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ள வேண்டுமென்று பணிவோடு சொல்லுகிறேன்.

ஒருவருக்கு ஒரு கோல் போதும். வீட்டுக்கு ஒருவேளைக் குழம்புக்குக் கிடைத்தவுடன் முள்ளைக் கழற்றிவிட வேண்டும். விற்பனைக்கென்று ஒரு மீனும் பிடித்தலாகாது. விற்பது தொழில், தொழில் அவர்களுடையது.

ஒரே இடத்தில் இரண்டு கரிமீன்கள் அகலாமல் சுற்றிக்கொண்டிருந்தால், அல்லது அருகே குஞ்சுக்கூட்டம் தெரிந்தால், அவ்விடத்தை விட்டு விலகுக. சிறு மீன் அகப்பட்டால் கையை நனைத்துக்கொண்டு மெல்லப் பிடித்து முள்ளை நீக்கி நீரில் விடுக. உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும். அந்த வழுவழுப்புத்தான் அதற்கு நோய்க் காப்பு.

சீன வலைக்கும் ஊன்றி மரங்களுக்கும் அருகே தூண்டில் வீசற்க. நம் முள் அவர்கள் வலையில் மாட்டினால் கிழிவது அவர்களின் ஒருநாட் கூலி. துறைமுகத்தின் தடைசெய்யப்பட்ட எல்லைக்குள்ளும் போகலாகாது. பொக்காளி வயல்கள் உள்ள பக்கம் சென்றால் இன்னும் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் உவர்நீர் தாங்கும் நெல் விளையும் அவ்வயல்களில், நெல்லறுத்தபின் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறால் வளர்ப்பார்கள். பார்ப்பதற்குப் பொதுநீர்போல் தோன்றினும் அது ஒருவருடைய விளைநிலம்.

அறுந்த தங்கூசியைக் கரையில் எறிந்து வராதீர்கள். அது மட்காது. நீர்க்காகத்தின் காலிலும் சிறகிலும் சுற்றி அதனைக் கொன்றுவிடும். கொண்டுபோனதையெல்லாம் எண்ணித் திரும்பக் கொண்டுவருக. பனியேரிக்காரர் குடிலையே பெயர்த்துக் கொண்டு போகிறார். நமக்கு ஒரு முழ இழை கனக்குமா?

வெடியும் நஞ்சும் கொண்டு மீன்பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டமும் இத்தகைய அழிவு முறைகளுக்கு எதிராகவே எழுந்தது. விளையாட்டாகவேனும் எவரேனும் அத்தகைய பேச்செடுத்தால் பெரியோர்கள் அங்கேயே கண்டித்துவிடுங்கள்.

இனிப் பாதுகாப்பு. தாய்மார்கள் இதனைச் செவிமடுக்க வேண்டுகிறேன். இக்காயல் அழகியது, ஆழமும் உடையது. 2002 ஜூலை 27 அன்று முகம்மையிலிருந்து குமரகத்துக்கு வந்த பயணப் படகு மூழ்கி 29 உயிர்கள் இதே வேம்பநாட்டு நீரில் மாண்டன. பனிக்கட்டியின் கனத்தை அளக்காமல் அவர்கள் கால் வைப்பதில்லை. நீரோட்டத்தை அறியாமல் நாமும் கரையிறங்கலாகாது. இறக்கம் வலுவாக ஓடும் நேரத்திலும், இடவப்பாதி மழையிலும் பிள்ளைகளை நீர்விளிம்பில் நிறுத்தற்க. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு உயிர்காப்புச் சட்டை அணிவிக்காமல் கோலைக் கையிற் கொடுக்காதீர்கள். கோலுக்கு முன்னே நீச்சல் என்பதே முறை.

சகோதரர்களே! நாம் பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்தவர்கள். இவ்வூரார் நம்மை வெறுத்தொதுக்கவில்லை. நம் கோயில் விழாவுக்கு வருகிறார்கள், நம் பொங்கலை உண்கிறார்கள். நாமோ பல ஆண்டு குடியிருந்தும் அவர்களுடைய காயலின் மீன்களுக்குப் பெயர் அறியோம். அவர்கள் காளாஞ்சி என்பது நம்முடைய கொடுவா. அவர்களின் கணம்பு நம்முடைய மடவை. செம்மீன் என்பது இறாலே. சைவ உணவு கொள்ளும் வீட்டுப் பிள்ளையும் கோல் பிடிக்காமல் கரையிலிருந்து இப்பெயர்களை எழுதிவரலாம். கொக்கையும் நீர்க்காகத்தையும் எண்ணிவரலாம்.

வல்லார்பாடக் கரையில் யான் தூண்டிலோடு அமரும் நாள்களில், ஊன்றி வலைக்காரப் பெரியவர் ஒருவர் படகை நிறுத்தி, வீட்டுக்கா விற்பதற்கா என்று வினவினார். வீட்டுக்கென்றேன். அதன்பின் நீர் எங்கே வளைந்து சுழல்கிறது, மடவை எந்நேரம் கரையோரம் வரும் என்பதை அவரே எனக்குக் காட்டினார். நம் நோக்கமும் அளவும் அறிந்தால் இவ்வூரார் தங்கள் நீரைப் பற்றிய அறிவை நம்மோடு பகிர்ந்துகொள்ளத் தயங்குவதில்லை. அதைப் பெற்றுக்கொள்ளும் தகுதியை நாம் தேடிக்கொள்ளவேண்டும்.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். ஆறு மூங்கிற் கழிகளும் பத்து உயிர்காப்புச் சட்டைகளும் சங்கத்தின் பொறுப்பில் வாங்கி வைப்போம். மழை ஓய்ந்தபின், நவம்பர் தொடங்கி மாதம் ஒரு ஞாயிறு காலையில், நீரோட்டம் தணிந்த நாளாகப் பார்த்து, விரும்பும் குடும்பங்கள் சேர்ந்து வல்லார்பாடம் செல்வோம். போகுமுன் அக்கரையில் வலையிடுவோரைக் கண்டு, எவ்விடம் அமர்ந்தால் அவர்களுக்கு இடையூறில்லை என்று கேட்டுக்கொள்வோம். நீந்தத் தெரிந்த பெரியவர் நால்வரேனும் உடன் வரவேண்டும். வர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.